வெளிச்சத்தைத் திருப்ப எந்தத் திரவப் படிகம்?

திரவம்போல ஓடினாலும் மூலக்கூறுகள் படிகம்போல ஒழுங்காக நிற்கும் பொருள்தான் திரவப் படிகம். அதில் 5சிபி என்ற வகைக்கு ஆய்வகங்களில் உப்பு, புளி அந்தஸ்து. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே குழுவினர் உருவாக்கியது. சுமார் 22 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரைதான் அது நெமாட்டிக், அதாவது மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்கும் நிலை. சென்னையில் மே மாத மத்தியானம் மின்சாரம் போனால் வெறும் எண்ணெய்தான். அப்படியும் அதைக் கொண்டாடினார்கள். அதற்கு முன்பிருந்த எம்பிபிஏ என்ற திரவப் படிகம், காற்றிலுள்ள ஈரம் பட்டாலே சிதைந்துபோகும். கடிகாரமும் கால்குலேட்டரும் பரவலாகத் திரவப் படிகத் திரைக்கு மாற முடிந்ததே, சீக்கிரம் கெட்டுப்போகாத மூலக்கூறு கிடைத்த பிறகுதான்.

ஒளியை விளிம்பு விளைவால், அதாவது நுண்ணிய கீற்றுகளின் வரிசையால் (கீற்றணி), திருப்பும் திரவப் படிகத் தகடுகளிலும் அதே கதை இப்போது ஓடுகிறது. விழும் ஒளியில் எத்தனை சதவீதத்தைத் திருப்புகிறது, அதாவது திறன் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு நாள் தாங்கும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். களத்தில் இருக்கும் மூன்று வகையினரும் 90 சதவீதத்தைத் தாண்டிக் காட்டிவிட்டார்கள்.

முதல் ஆள், மெல்லிய நெமாட்டிக் பாலிமர் படலம். இரு முனையிலும் அக்ரிலேட் (ஒன்றோடொன்று பிணையும் கொக்கி) உள்ள, ஆர்எம்257 போன்ற மூலக்கூறுகளைப் பூசி, திசைப்படுத்தி, புற ஊதா ஒளியில் இறுக்கிவிடுவது. மூலக்கூறின் திசை படலத்தின் குறுக்கே மெல்ல மெல்லச் சுழன்றுகொண்டே போகும். வட்டத் தளவிளைவு அடைந்த ஒளி, அதாவது இடமாகவோ வலமாகவோ சுழன்றபடி வரும் ஒளி, அதைக் கடக்கும்போது இடத்துக்கு இடம் வேறு கட்டத்தை (அலையின் முன்பின் நிலையை) பெற்று ஒரே பக்கமாகத் திரும்பும். இந்தக் கட்டத்தை 1956-ல் பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தில் கண்டு சொன்னவர் பஞ்சரத்னம், சர் சி.வி.ராமனின் சகோதரி மகன், அப்போது வயது 22. இன்றைய தகடுகள் அவர் பெயரையும் இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரியின் பெயரையும் சேர்த்தே சுமக்கின்றன.

கணக்கு எளிது. இரட்டை ஒளிவிலகலையும் (மூலக்கூறின் நெடுக்கிலும் குறுக்கிலும் உள்ள ஒளிவிலகல் எண்களின் வித்தியாசம்) தடிமனையும் பெருக்கினால் அலைநீளத்தில் பாதி வர வேண்டும். 550 நானோமீட்டர் பச்சைக்கு, இரட்டை ஒளிவிலகல் 0.15 என்றால் தடிமன் 1.83 மைக்ரான், கொள்கையளவில் நூற்றுக்கு நூறு திறன். ஆனால் அதே படலத்தில் 450 நானோமீட்டர் நீலம் விழுந்தால் 88 சதவீதம்தான். அதுவும் இரட்டை ஒளிவிலகல் அலைநீளத்தோடு மாறாது என்று தாராளமாக வைத்துக்கொண்டால். முறுக்கிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி இதைச் சரிசெய்கிறார்கள். சிலியிலுள்ள மெகல்லன் தொலைநோக்கியில் 2015-ல் பொருத்திய கொரோனாகிராஃப் (நட்சத்திரத்தின் கண்கூசும் ஒளியை மறைக்கும் கருவி) தகடு அந்த வகைதான். பாலிமரின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு 3.3 மைக்ரான் அருகே ஒளியை விழுங்குவது மட்டும் அங்கே தொல்லை. இந்த வகையின் நிஜமான பலவீனம் கோணம். பெரிய கோணத்தில் திருப்பக் கீற்றுகள் நெருங்க வேண்டும். கீற்று இடைவெளி ஒரு மைக்ரானை நெருங்கும்போதே திறன் சரியத் தொடங்கும்.

அங்கேதான் இரண்டாமவர் நுழைகிறார்: சாய்ந்த கொலஸ்டெரிக் படலம். அதே அக்ரிலேட் கலவையில் கொஞ்சம் கைரல் (ஒரே பக்கமாக முறுக்கும்) பொருள் சேர்த்தால், தடிமன் வழியாகவும் மூலக்கூறுகள் சுருளாகச் சுற்றி, பிராக் முறையில், அதாவது அடுக்கடுக்காகப் பிரதிபலித்து, ஒளியைத் திருப்பும். கீற்று இடைவெளி 400 நானோமீட்டர் என்றாலும் அசராது. அந்த இடைவெளியில் பச்சை ஒளி கண்ணாடிக்குள் 66 டிகிரியில் சாய்ந்து உள்ளேயே அடைபடும். ஏஆர் கண்ணாடிக்கு (நிஜக் காட்சியின் மேல் படம் காட்டும் மூக்குக்கண்ணாடி) வேண்டியதே அதுதான். விலை என்னவென்றால், அது திருப்பும் அலைநீளப் பட்டை குறுகியது. சுருளின் புரி நீளம் (ஒரு முழுச் சுற்றின் நீளம்) 330 நானோமீட்டர், இரட்டை ஒளிவிலகல் 0.15 என்றால் பட்டையின் அகலம் ஏறக்குறைய 50 நானோமீட்டர். மூன்று நிறத்துக்கும் ஒரே படலம் போதாது.

மூன்றாவது, பாலிமருக்குள் திரவப் படிகத் துளிகளை ஹோலோகிராம் போலப் பதிக்கும் முறை. லேசர் குறுக்கீட்டில் வெளிச்சக் கோட்டில் பாலிமர் இறுகும், இருட்டுக் கோட்டில் திரவப் படிகம் ஒதுங்கும். மின்னழுத்தம் கொடுத்தால் கீற்றணியே மறைந்துவிடும். மற்ற இருவரிடமும் இல்லாத வித்தை இது. ஆனால் மைக்ரானுக்குப் பல வோல்ட் கேட்கும், துளி பெரிதானால் ஒளியைச் சிதறடிக்கும். உள்ளே இருப்பது திரவமாகவே இருப்பதால் வெப்பம் ஏற ஏற இரட்டை ஒளிவிலகல் இறங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இதை வைக்க நான் துணிய மாட்டேன்.

பட்டையை அகலமாக்க, தடிமனைக் குறைக்க எல்லோரும் கைநீட்டுவது ஒரே மருந்துக்கு: அதிக இரட்டை ஒளிவிலகல். அதை 0.3 ஆக்கினால் கொலஸ்டெரிக் பட்டை இரட்டிப்பாகும், நெமாட்டிக் படலம் ஒரு மைக்ரானுக்கும் கீழே இறங்கும். பென்சீன் வளையங்களை மும்மைப் பிணைப்பால் கோத்த டோலேன் வகை மூலக்கூறுகளுக்கு 0.4-ம் எட்டாக் கனி இல்லை. சிக்கல் எங்கே? இரட்டை ஒளிவிலகலை உயர்த்தும் அந்த நீண்ட எலெக்ட்ரான் தொடர்தான் உறிஞ்சலைப் புற ஊதாவிலிருந்து நீலத்தை நோக்கி இழுக்கிறது. படலம் மஞ்சளாகிறது. மும்மைப் பிணைப்பு புற ஊதாவில் வினைபுரிகிறது. இறுக்குவதற்கே அந்த ஒளிதான் வேண்டும் என்பது கொடுமையிலும் கொடுமை. வடிகட்டிய ஒளியில் இறுக்கலாம். வெளியே வந்தபின் சூரியனை யார் வடிகட்டுவது?

பூசுவதற்குமுன் அடியில் இடும் திசைப்படுத்தும் படலத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. பிரில்லியன்ட் யெல்லோ போன்ற அசோ சாயங்கள் கொஞ்சம் ஒளிக்கே திசை திரும்பிப் பணியும். ஆய்வகத்தில் சுகம். ஆனால் அறையின் ஈரப்பதம் ஏறினால் திசைப்படுத்தல் கெடும், பணிந்த சாயம் வேறு ஒளிக்கும் பணியும். ஒளியில் பிணையும் சின்னமேட் வகைப் பொருளுக்கு அதிக ஒளி வேண்டும், பிடிவாதம் அதிகம், ஒருமுறை குறுக்கே பிணைந்தால் திரும்பாது. வருடக்கணக்கில் நிற்க வேண்டிய தகட்டுக்கு நான் எடுப்பது சின்னமேட்.

தொலைநோக்கி, லேசர் கருவி, சிறு கோணம் என்றால் நெமாட்டிக் பாலிமர், 0.15-ஐ ஒட்டிய சாதுவான மூலக்கூறு, தேவைப்பட்டால் கூடுதல் அடுக்கு. அடுக்கு கூடினால் உழைப்புதான் கூடும், மஞ்சள் கூடாது. ஏஆர் கண்ணாடிக்குக் கொலஸ்டெரிக்; அங்கேயும் 0.3-க்கு ஆசைப்படுவதைவிட நிறத்துக்கு ஒரு படலம் போடுவதே மேல். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய இடத்தில்கூட துளி முறைக்கு நான் ஓட மாட்டேன். இறுகிய நெமாட்டிக் கீற்றணிக்கு முன்னால் சாதாரணத் திரவப் படிக அரை அலைக் கலம் ஒன்றை வைத்தால், அது ஒளியின் சுழற்சியை இடம் வலம் மாற்றும், கீற்றணி அதற்கேற்ப எதிர்ப்பக்கம் திருப்பும். கலம் கெட்டால் கலத்தை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.