கடலூர் கேபிள் இணைப்பு: ஐநூறு சேனலில் கைக்கு எட்டுவது எத்தனை?

கடலூரில் கேபிள் வாங்க இரண்டு வழி. ஒன்று அரசு கேபிள். இன்னொன்று, தனியார் நிறுவனத்தின் சிக்னலை வாங்கித் தெருவில் விநியோகிக்கும் கேபிள்காரர். முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குள் போய்விட்டால் அரசு கேபிள் கிடையாது, தனியார் மட்டும்தான். படத் தெளிவு இரண்டிலும் பரவாயில்லை. சரக்கு எப்படி என்பதுதான் கேள்வி, அதிலும் செய்திச் சரக்கு.

சுவிட்சைப் போட்டதும் செட்-டாப் பாக்ஸ் எழுந்திருக்கச் சற்று நேரம் ஆகும். எழுந்ததும் பல பாக்ஸில் முதலில் வருவது நேற்றிரவு பார்த்த சேனல் இல்லை, கேபிள் நிறுவனம் வைத்த சேனல். தொழிலில் இதை லேண்டிங் பேஜ் என்பார்கள். அந்த இடம் விலைக்குப் போகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 டிசம்பரில் இதைத் தடுக்கப் பார்த்தது, 2019-இல் அத்துறை வழக்குகளை விசாரிக்கும் டிடிசாட் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. சமையலறையில் வேலையாக இருப்பவர் ரிமோட்டைத் தேடி எடுக்கும் வரை அந்தச் சேனல்தான் ஓடும். அதற்குத்தான் காசு.

ஒரு சேனல் ஏன் இப்படிக் காசு கொடுக்க வேண்டும்? தமிழ்ச் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை கட்டணமில்லாதவை. சந்தாவில் அவற்றுக்கு வருமானம் இல்லை, விளம்பரம் ஒன்றுதான் சோறு. விளம்பரத்தின் விலையை நிர்ணயிப்பது, எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கும் பார்க் (BARC) அமைப்பின் ரேட்டிங். நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் மட்டும் அதன் மீட்டர் இருக்கிறது. சேனலின் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு குறியைப் பதித்து அனுப்புகிறார்கள், மீட்டர் அதைப் பிடித்துக் கணக்கு வைக்கிறது. மீட்டருக்குத் தெரிவது டிவியில் என்ன ஓடுகிறது என்பது. மனம் வைத்துப் பார்த்தார்களா என்பது அதற்குத் தெரியாது. 2020-இல் மும்பையில் டிஆர்பி எனும் ரேட்டிங்கில் மோசடி என்ற வழக்கு வெடித்தபின் செய்திச் சேனல்களின் ரேட்டிங்கையே நிறுத்தி வைத்தார்கள், 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. ரேட்டிங் இல்லாத அந்த ஒன்றரை வருடத்திலும் கத்தல் குறைந்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது சேனல் எண். ஒரே வகைச் சேனல்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும், ஒரு சேனல் ஒரே இடத்தில்தான் வர வேண்டும் என்பது டிராயின் 2017 விதி. ஆனால் அந்த வரிசைக்குள் யார் முன்னால், யார் பின்னால் என்பது கேபிள் நிறுவனத்தின் கையில். சேனல் மாற்றும் பட்டனை அழுத்திக்கொண்டே போகிறவர் நாலைந்து சேனலில் நின்றுவிடுவார். பதினைந்தாவது இடத்தில் இருப்பது இருந்தும் இல்லாத மாதிரி. எண் மாற்றத்தில் அரசியலும் உண்டு. 2018-இல் கோவையில் நடந்த ஒரு விவாத நிகழ்ச்சிக்காக ஒரு செய்திச் சேனல் மீது வழக்குப் பாய்ந்தபோது, அரசு கேபிளில் அதன் எண்ணும் பின்னுக்குத் தள்ளப்பட்டதாகப் பத்திரிகையாளர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். தடை என்று எங்கும் அறிவிப்பு வராது, எண் மட்டும் மாறியிருக்கும்.

இனி பணம். 2019 பிப்ரவரி முதல் சேனலைத் தனித்தனியாக வாங்கலாம். அடிப்படைக் கட்டணத்துக்கு முன்பு 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது, ஜிஎஸ்டி சேர்த்து 153.40. 2024-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் கேபிள்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். தனியாக வாங்கலாம் என்ற உரிமை எங்கே அடிபடுகிறது என்பதற்கு ஒரு கணக்கு: பல சேனலைக் கட்டாக விற்கும் பேக்கில் சேர்க்கும் சேனலுக்கு உச்ச விலை 19 ரூபாய், பேக்குக்குத் தரக்கூடிய தள்ளுபடி 45 சதவீதம் வரை. தனி விலையில் கூட்டினால் 100 ரூபாய் வரும் சேனல்களை 55 ரூபாய் பேக்காகத் தரலாம். அதில் உங்களுக்கு வேண்டியது 19 ரூபாய்ச் சேனல் மூன்று மட்டும் என்றால் தனியாக 57 ஆகும். பேக் இரண்டு ரூபாய் மலிவு! யாரும் பேக்கைத்தான் எடுப்பார்கள். ஒரே குழுமத்தின் சீரியல், சினிமா, பாட்டு, செய்தி எல்லாம் சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிடும். இரண்டே சேனல் போதும் என்பவருக்குத் தனியாக எடுப்பது லாபம், 38 ரூபாயில் முடியும். எதையும் சொல்லாமல் விட்டால் கேபிள்காரர் வசதிப்படி ஒரு பேக்கைப் போட்டுவிடுவார். 999-ஆம் எண்ணைப் போட்டுப் பாருங்கள், பேக் விவரம் அங்கே வரவேண்டும். ஒரு வாரம் வீட்டில் உண்மையில் பார்த்த சேனல்களை எழுதி வைத்துக்கொண்டு அதன்பிறகு கேபிள்காரரிடம் பேசினால் பேச்சு எடுபடும்.

செய்திச் சேனல்களைத் தேர்ந்தெடுக்கும்போது யாருடைய சேனல் என்று பார்த்து எடுப்பது நல்லது. கலைஞர் செய்திகள், நியூஸ் ஜெ, மக்கள் தொலைக்காட்சி ஆகியவை எந்தக் கட்சிப் பக்கம் என்பது ஊரறிந்த விஷயம், அதனால் அவற்றால் கெடுதல் குறைவு. நடுநிலை என்று போர்டு மாட்டியவற்றைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். எட்டு மணி விவாதத்தில் திரையை ஒரு நிமிடம் ஒலியை அணைத்துப் பாருங்கள். ஆறு கட்டம், கீழே இரண்டு ஓடும் வரி, பக்கவாட்டிலும் அடியிலும் எல் வடிவத்தில் நகைக்கடை விளம்பரம், மேலே சிவப்பில் பிரேக்கிங். ஒரு கட்டத்துக்குக் கீழே ‘அரசியல் விமர்சகர்’, இன்னொன்றில் ‘மூத்த பத்திரிகையாளர்’. எந்தப் பத்திரிகை, யாருக்காக விமர்சிக்கிறார் என்பது இருக்காது. தலைப்பே கேள்விக்குறியோடு வரும், பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும்.

நம் மாவட்டத்துக்கு ஒரு நல்ல உரைகல் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி. பற்றிய செய்தி. 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கத்துக்காக எடுத்த நிலத்தில் நெற்பயிர் மீது இயந்திரம் ஓடியது, சில நாளில் நெய்வேலிப் போராட்டம் கலவரமானது. அப்படி ஒன்று மறுபடி நடக்கும்போது மூன்று சேனலை மாற்றி மாற்றிப் பார்த்து, முதல் ஐந்து நிமிடத்தில் யார் பேசுகிறார்கள் என்று எண்ணுங்கள்: அதிகாரியா, கட்சித் தலைவரா, நிலம் கொடுத்தவரா. இழப்பீட்டுத் தொகை எத்தனை, எந்த வருடம் எடுத்த நிலம் என்பது எந்தச் சேனலில் வருகிறதோ அதை ஃபேவரிட்டில் போடுங்கள். மெனுவில் ஃபேவரிட் பட்டியலில் நாலு செய்திச் சேனல் வைத்தால் வரிசை எண்ணின் ஆட்சி பாதி ஒழிந்தது. உள்ளூர் கேபிள் சேனலைச் செய்திக்கு நம்ப வேண்டாம். துணிக்கடைத் திறப்பு விழாவுக்கும் பாடலீஸ்வரர் கோயில் தேருக்கும் அது நன்றாக இருக்கும்.

தொழில்நுட்பக் கோளாறில் முக்கியமானது ஒன்று. தெருக் கம்பத்தில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் தெருவிலிருந்தே வருகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் தெருவில் கரண்ட் போனால் சிக்னல் போய்விடும். ஒரு இணைப்பை இரண்டு டிவிக்குப் பிரித்தால் ஸ்ப்ளிட்டரில் ஏறக்குறைய 4 டெசிபல் போகும், படம் கட்டம் கட்டமாக உடைய அதுவும் ஒரு காரணம். தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பூத்துவிடும், நுனியை வெட்டிப் புதிதாக மாட்டச் சொல்லுங்கள்.

மாற்று வேண்டுமென்றால் தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் இல்லை. சிக்னல் வரும் செயற்கைக்கோள் ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கு. கடலூரிலிருந்து டிஷ் தென்கிழக்கே, தரையிலிருந்து கிட்டத்தட்ட 69 டிகிரி ஏற்றத்தில் பார்க்க வேண்டும், தென்னை மறைக்காத இடமாக இருக்கட்டும். டிடி தமிழ் வரும், 2024 ஜனவரி வரை பொதிகை என்றிருந்தது. தமிழ்த் தனியார் சேனலுக்காக இதை வாங்காதீர்கள், அதில் ஏமாற்றம்தான். அரசுச் சேனல் அரசுக் குரலில்தான் பேசும் என்பதும் தெரிந்ததே.

கேபிள், டிஷ் இரண்டில் எதை வைத்திருந்தாலும் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ கூடவே இருக்கட்டும். தனியார் எஃப்எம்கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். அதனால் நேராகப் புதுச்சேரி ஆகாசவாணியையே வையுங்கள், அதன் ரெயின்போ எஃப்எம் 102.8-இல் வரும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்து மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தபோது, பல ஊரில் கரண்ட் வர வாரக்கணக்கானது. அந்த நிலையில் ஐநூறு சேனல் பாக்ஸில் ஒன்றும் வராது.