எஃப் 2 அழுத்தினால் வர வேண்டிய திரை

ஊருக்கு வந்த மறுநாள் காலையிலேயே அப்பா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "நல்லாத்தான் பண்ணிக் கொடுத்தாங்கம்மா. ஆனா மறுபடியும் அப்படியே நிக்குது."

அது எப்படி நிற்கும் என்பது எனக்கு முன்பே தெரியும், வேறொரு பக்கத்திலிருந்து. இரண்டு மாதமாக வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் முகம் உறைந்துவிடும். பாதிச் சொல்லில் வாய் திறந்தபடி நிற்கும். அரை நிமிடம் கழித்து உயிர் வரும், அல்லது அழைப்பு துண்டித்துப் போகும். நெட் சரியில்லை என்று இரண்டு பேரும் முடிவு கட்டியிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது, நெட்டுக்கு இதில் சம்பந்தமே இல்லை. வெறுமனே ஒரு ஃபோல்டரைத் திறந்தாலே இயந்திரம் நின்றது.

2019-இல் வாங்கிய எச்பி லேப்டாப். 8 ஜிபி ராம், சுழலும் வகை 1 டிபி ஹார்ட் டிஸ்க். போன முறை வந்திருந்தபோது அப்பாவுக்கு ஒரு காரியம் சொல்லிக் கொடுத்திருந்தேன். பவர் பட்டனை அழுத்தியதும் எஸ்கேப் விசையை விடாமல் தட்ட வேண்டும். ஒரு மெனு வரும். அதில் எஃப் 2 அழுத்தினால் எச்பியின் பரிசோதனை நிரல் திறக்கும். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே, விண்டோஸின் உதவி இல்லாமலே, ராம், டிஸ்க், பேட்டரி, விசிறி, விசைப்பலகை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துச் சொல்லும். விண்டோஸ் கெட்டதா, பொருள் கெட்டதா என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறெங்கும் கிடைக்காது. அப்பா அதைத் தன் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்: "எஸ்கேப் - எஃப் 2 - பரிசோதனை". கீழே இரண்டு கோடு.

நான் வருவதற்கு மூன்று வாரம் முன்பு, தாங்க முடியாமல் அவரே சர்வீஸுக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு தம்பி வீட்டுக்கே வந்து பார்த்திருக்கிறார். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது, அதனால்தான் இப்படி, 11 போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். முதல் பாதி முழு உண்மை. ஆனால் ஆதரவு நின்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராதே தவிர, ஓடிக்கொண்டிருக்கும் கணினி அதனால் உறைந்து நிற்காது. அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? சரி என்றார். டிஸ்க்கை முழுதாக ஃபார்மட் செய்து, புதிதாக ஓஎஸ் (இயங்குதளம்) போட்டு, அப்பாவின் படங்களையும் கடிதங்களையும் பத்திரமாகத் திருப்பி ஏற்றி, மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டார் அந்தத் தம்பி. வேகம், மரியாதை, சொன்ன நேரம், எதிலும் குறை சொல்ல முடியாது. இங்கிருந்து போய் இத்தனை வருடத்தில், நான் இருக்கும் நாட்டில் வீடு தேடி வந்து இப்படிச் செய்து கொடுத்தவர்கள் ஒருவரும் இல்லை.

சரி, முதலில் பரிசோதனையை ஓட்டுவோம் என்று எஸ்கேப் தட்டி, எஃப் 2 அழுத்தினேன். திரை வந்தது. ஆனால் அது அந்தத் திரை இல்லை. நான்கைந்து வரியில் ஒரு சின்ன மெனு. ராமுக்கு ஒரு விரைவுச் சோதனை, டிஸ்க்குக்கு ஒரு சுருக்கச் சோதனை, அவ்வளவுதான். பாகம் பாகமாகப் பிரித்துச் சோதிக்கும் அந்த நீண்ட பட்டியலைக் காணோம். இரண்டையும் ஓட்டினேன். சில நிமிடங்களில் இரண்டும் தேறின. விண்டோஸுக்குள் போய்ப் பார்த்தால், அங்கே டெஸ்க்டாப்பில் இருந்த பரிசோதனை ஐகானும் இல்லை.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "நானும் அன்னைக்கு அழுத்திப் பார்த்தேன்மா. வேற மாதிரி வந்துச்சு. நான்தான் தப்பா அழுத்திட்டேன்போலன்னு விட்டுட்டேன்."

எனக்கு மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. டைரியைப் பார்த்து, எழுதியபடியே சரியாகத்தான் செய்திருக்கிறார். காணாமல் போனது நிரல். அதைத் தன் தவறு என்று நினைத்துக்கொண்டு மூன்று வாரம் இருந்திருக்கிறார்.

அதன் பிறகு அதைக் கண்டுபிடித்தே ஆவது என்று உட்கார்ந்தேன். முதலில் பார்த்தது சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று. பழைய விண்டோஸை அழிக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டால், பழையது அந்தப் பெயரில் ஒதுங்கி நிற்கும். வழக்கமாகப் பத்து நாள் கழித்துத் தானாக அழிந்துவிடும். இங்கே மூன்று வாரம் ஆகிவிட்டது. அதோடு, டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளான பார்ட்டிஷன்களையே நீக்கிவிட்டுப் போட்டிருப்பதால் அப்படி ஒரு ஃபோல்டர் உருவாகியே இருக்காது. இல்லைதான்.

அடுத்து இஎஃப்ஐ பார்ட்டிஷன். டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் சின்னப் பகுதி இது, கணினி முதலில் தேடி வரும் இடம். இதற்கு டிரைவ் எழுத்து கிடையாது, அதனால் சாதாரணமாகக் கண்ணில் படாது. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, மவுன்ட்வால் கட்டளையால் அதற்கு எஸ் என்று ஓர் எழுத்து கொடுத்தேன். உள்ளே போய், இருப்பதைப் பட்டியலிடும் டிர் கட்டளையைப் போட்டால் இரண்டே ஃபோல்டர்: மைக்ரோசாஃப்ட், பூட். எச்பி என்ற பெயரில் மூன்றாவது ஒன்று இருந்திருக்க வேண்டும். அதற்குள்தான் அந்த நிரலின் முழு வடிவம் குடியிருந்தது.

கணினியின் சோதனை நிரலை டிஸ்க்கில் தனி இடம் ஒதுக்கி ஒளித்து வைப்பது நெடுங்காலப் பழக்கம். பார்ட்டிஷன் வகைகளைக் குறிக்கும் எண்களில், பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) முறையில் 12 என்பது காம்பேக் என்ற கணினி நிறுவனத்தின் சோதனைப் பார்ட்டிஷனுக்கு உரியது. டெல்லின் பழைய கணினிகளுக்கு டிஇ என்ற குறியீடு. 2002-இல் காம்பேக்கை எச்பி வாங்கிக்கொண்டது. இப்போது எல்லாம் இஎஃப்ஐ பகுதிக்குள் வந்துவிட்டது. ஆனால் அன்றும் இன்றும் ஆபத்து ஒன்றுதான். ஓஎஸ் போடுகிறவர் கண்ணுக்கு அது என்னவென்று தெரியாத ஒரு துண்டு. டெலிட், டெலிட், டெலிட் என்று சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். விண்டோஸ் தனக்கு வேண்டிய இஎஃப்ஐ பகுதியைப் புதிதாகப் போட்டுக்கொள்ளும். அதில் விண்டோஸின் கோப்புகள் மட்டும்தான் இருக்கும்.

அப்படியானால் எஃப் 2-க்கு ஏன் ஏதோ ஒரு திரை வந்தது? எச்பியின் கையேட்டிலேயே பதில் இருக்கிறது. மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரலான பயாஸ், இந்தப் பரிசோதனை நிரலை மூன்று இடங்களில் வரிசையாகத் தேடும்: செருகியிருக்கும் பென் டிரைவ், பிறகு ஹார்ட் டிஸ்க், கடைசியாகத் தனக்குள்ளேயே. முதல் இரண்டிலும் இல்லாததால் தன்னிடம் இருந்த சின்ன வடிவத்தை எடுத்துக் காட்டியிருக்கிறது. அப்பா பார்த்த "வேற மாதிரி" திரை அதுதான். இதைப் படித்ததுமே பாதி பாரம் இறங்கியது. மூன்று இடங்களில் முதலிடம் பென் டிரைவுக்கு என்றால், டிஸ்க்கைத் தொடாமலே நிரலைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் லைசென்ஸ் தானாகத் திரும்பி வந்துவிட்டதே, இது மட்டும் ஏன் வரவில்லை என்று அப்பாவும் கேட்டார். விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்பில் அதற்கான கீ மதர்போர்டில் பதிந்திருக்கிறது, டிஸ்க்கில் அல்ல. ஓஎஸ் போட்டு நெட்டில் இணைத்ததும் மைக்ரோசாஃப்ட் பார்த்து ஒத்துக்கொள்ளும். பரிசோதனை நிரலுக்கு அப்படி யாரும் கூப்பிட்டு அனுப்ப மாட்டார்கள். நாம்தான் போய் எடுத்து வர வேண்டும்.

எடுக்கப் போகும்போது கவனம் வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் எச்பி தளம் அல்ல. பச்சை நிறத்தில் பெரிய டவுன்லோட் பட்டன், டிரைவர்களை எல்லாம் சரிபார்த்துத் தருகிறோம் என்ற வாக்குறுதி, உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. எச்பியின் ஆதரவுப் பக்கத்துக்கு நேராகப் போய், எச்பி பிசி ஹார்ட்வேர் டயக்னாஸ்டிக்ஸ் யூஇஎஃப்ஐ என்ற நிரலை எடுத்தேன். இலவசம். அதை இயக்கினால் பென் டிரைவில் ஏற்றவா என்று அதுவே கேட்கும். பென் டிரைவ் ஃபேட் 32 என்ற கோப்பு அமைப்பில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. விண்டோஸுக்குள் ஓடும் வடிவம் தனியாக மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் இருக்கிறது. அப்பாவின் ஐகான் அது.

பென் டிரைவைச் செருகி, எஸ்கேப், எஃப் 2. இந்த முறை அந்த நீண்ட பட்டியல் வந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆமா, இதுதான், இதுதான்" என்றார்.

சோதனையை ஓட்டுவதற்கு முன்னால் அவருடைய கோப்புகளை எல்லாம் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்தேன். தளர்ந்துபோன டிஸ்க் என்று சந்தேகம் இருந்தால் இதுதான் முதல் வேலை, சோதனை அப்புறம். நீண்ட சோதனை டிஸ்க்கின் மேற்பரப்பு முழுவதையும் படிக்க வைக்கும். ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்க் அதிலேயே விழுந்துவிடலாம். படங்கள் இருந்த ஃபோல்டருக்கு வந்ததும் பிரதி எடுப்பது நிமிடக்கணக்கில் நின்று நின்று நகர்ந்தது.

ராமை ஆழமாகச் சோதித்தேன், தேறியது. இரவு பத்து மணிக்கு டிஸ்க்கின் நீண்ட சோதனையைத் தொடங்கிவிட்டுப் படுத்தேன். இந்தச் சோதனையைச் செய்வது உண்மையில் டிஸ்க்கேதான். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வசதி உள்ளேயே உண்டு. நிரல் அதைத் தொடங்கச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். சுருக்கச் சோதனை அங்கங்கே தொட்டுப் பார்ப்பதோடு முடிந்துவிடும். பழுது இருக்கும் இடம் அதன் கையில் படாமலே போகலாம். காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தபோது திரையில் தோல்வி என்று வந்திருந்தது, அதன் கீழே 24 இலக்கத்தில் ஒரு பழுதுக் குறியீடு. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் இந்த எண்ணைத்தான் எச்பி கேட்கும். செல்போனில் படம் பிடித்தேன். அப்பா அதை டைரியிலும் எழுதிக்கொண்டார், நான்கு நான்கு இலக்கமாகப் பிரித்து.

அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். சண்டை போட அல்ல. வந்தார். படத்தைக் காட்டியதும் அமைதியாகிவிட்டார்.

"அக்கா, அன்னைக்கு டேட்டா காப்பி பண்றதுக்கே மூணு மணி நேரம் ஆச்சு. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்."

"தம்பி, ஓஎஸ் போடுறதுக்கு முன்னாடி டிஸ்க்கை டெஸ்ட் பண்ணுவீங்களா?"

"எங்களுக்கு வர்ற ஜாப்ல ஓஎஸ் இன்ஸ்டலேஷன்னு மட்டும்தான்கா இருக்கும். டெஸ்ட்டுக்குன்னு தனியா நேரம் கிடையாது. ஒரு நாளைக்கு ஏழு எட்டு வீடு."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திறமையும் பொறுப்பும் உள்ள பிள்ளை. சோதித்துப் பார்ப்பதை ஒரு வேலையாகவே கணக்கில் எடுக்காத ஏற்பாடுதான் தவறு. சோதிக்காமல் துடைத்தால் இரட்டை நட்டம்: நோய் அப்படியே இருக்கும், நோயைச் சொல்லும் கருவியும் போய்விடும். இதை அவரிடம் நேராகவே சொன்னேன். அவருடைய மேலாளருக்கும் எழுதினேன், தம்பியின் வேலையைப் பாராட்டியும், ஓஎஸ் போடும் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு டிஸ்க் சோதனை சேர்க்கச் சொல்லியும். பதில் இன்னும் வரவில்லை.

பழைய டிஸ்க்கைக் கழற்றி, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி மாட்டியது அவரேதான். விண்டோஸ் 11-ஐ மறுபடி போட்டார், லைசென்ஸ் தானாக வந்தது. நான் இஎஃப்ஐ பகுதியில் எச்பி ஃபோல்டரைத் திருப்பி வைத்தேன், ஸ்டோரிலிருந்து அப்பாவின் ஐகானையும் கொண்டுவந்தேன். அப்பா பென் டிரைவைச் செருகாமலே எஸ்கேப், எஃப் 2 என்று தானே அழுத்திப் பார்த்தார். நீண்ட பட்டியல் வந்தது. பிறகுதான் டைரியை மூடினார்.

தம்பி கிளம்பும்போது தன் பென் டிரைவை நீட்டினார். அந்த நிரலை அதிலும் ஏற்றிக் கொடுத்தேன்.

"டெல்லுக்கும் இது மாதிரி இருக்காக்கா?"

"இருக்கு தம்பி. எஃப் 12 அழுத்தினா வர்ற மெனுவுல டயக்னாஸ்டிக்ஸ்னு இருக்கும். இப்ப வர்ற மாடல்ல அது போர்டுலயே இருக்கு, டிஸ்க்கைத் துடைச்சாலும் போகாது. லெனோவோவோட புது திங்க்பேட்னா எஃப் 10."

அவர் செல்போனை எடுத்து இரண்டையும் குறித்துக்கொண்டார். "நாளைக்கு முத வீடே ஒரு டெல்தான்கா" என்றார்.