வாட்ஸப்பில் வந்த குறவஞ்சியும் நான்கு தளங்களும்

பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எந்தத் தளத்திலிருந்து எடுத்த நூல் எப்படிப்பட்டது என்பது பிரிண்டரிலிருந்து தாள் வெளியே வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். பழைய தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் தளங்களைப் பற்றி மாணவர்கள் தினமும் கேட்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

போன செமஸ்டர் தேர்வு சமயம், எம்.ஏ. தமிழ் படிக்கும் பாவூர்சத்திரத்துப் பிள்ளை ஒன்று குற்றாலக் குறவஞ்சியை அச்செடுக்க வந்தது. வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய பிடிஎஃப். அடித்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நின்றது. "அண்ணாச்சி, 48க்கு அப்புறம் 57 வருது. நடுவுல எட்டுப் பக்கத்தக் காணோம்."

வாங்கிப் பார்த்தேன். எட்டுப் பக்கம் மட்டுமல்ல, முகப்புத் தாளும் இல்லை. யார் பதிப்பித்தது, எந்த ஆண்டு, ஒன்றும் தெரியவில்லை. அடிப்பதற்கு முன் பக்க எண்ணை நானும் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து தேட ஆரம்பித்தோம்.

முதலில் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி இது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து கொடுத்த நூல்கள். நான் முதலில் போவது எப்போதும் இங்கேதான். பக்கத்தின் தலைப்பிலேயே யார் தட்டச்சு செய்தார்கள், யார் மெய்ப்புப் பார்த்தார்கள் என்று பெயர் இருக்கும். வெறும் எழுத்து என்பதால் பாபநாசம் பக்கம் சிக்னல் ஒரு கோடுதான் காட்டினாலும் திறந்துவிடும். யூனிகோடில் இருப்பதால் வேர்டில் ஒட்டினாலும் எழுத்து சிதறாது. பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃபிலிருந்து நகல் எடுத்து ஒட்டினால் வரும் கிறுக்கல்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தேடல்தான் இதில் பெரிய பலம். ஆனால் முழுச்சொல்லையும் அடிக்காதீர்கள். செய்யுளைச் சீர் பிரித்துப் போட்ட இடத்தில் ஒரு சொல் நடுவில் உடைந்து இரண்டாக நிற்கும். சந்தி சேர்ந்த இடத்தில் இரண்டு சொல் ஒன்றாகி நிற்கும். முழுச்சொல்லை அடித்தால் 'இல்லை' என்று வந்துவிடும். குறவஞ்சியில் குரங்குகள் வரும் அந்தப் பாட்டு வேண்டுமென்றால் 'வானர' என்று மூன்றெழுத்து போதும்.

குறை என்ன என்றால், அச்சு நூலின் பக்க எண் பெரும்பாலும் இருக்காது. ஆய்வேட்டில் அடிக்குறிப்புப் போட முடியாது. மனிதர்கள் தட்டச்சு செய்தது என்பதால் ஓரிரண்டு பிழைகளும் நுழைந்திருக்கும்.

பக்க எண் வேண்டும் என்றால் ஆர்க்கைவ் டாட் ஆர்க். 1996 முதல் இருக்கும் அமெரிக்க மின்னூலகம். அசல் தாளின் படமே கிடைக்கும், பதிப்பாளர் முகவரி வரை. ஆனால் தேடுவது பெரும்பாடு. இந்திய மின்னூலகத் திட்டத்தில் ஸ்கேன் செய்த நூல்கள் ஏராளம் அங்கே இருக்கின்றன. தலைப்பையெல்லாம் ஆங்கில எழுத்தில் மனம்போன போக்கில் அடித்திருப்பார்கள். குற்றாலத்தின் 'ற்ற'வுக்கு ஒருவர் இரண்டு ஆர் போட்டிருப்பார், இன்னொருவர் இரண்டு டி, இன்னொருவர் டி.ஆர். நான்கைந்து விதமாக அடித்துப் பார்க்கும் பொறுமை வேண்டும். தலைப்பில் கிடைக்காதபோது ஆசிரியர் பெயரால் தேடுங்கள். குறவஞ்சியை எழுதிய மேலகரத்துக் கவிராயரின் பெயரில் 'திரிகூட' என்ற பகுதியை மட்டும் அடித்துப் பார்க்கலாம்.

அச்செடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பழுத்த தாளின் நிறம் ஸ்கேனில் அப்படியே இருக்கும். நேராக பிரிண்ட் கொடுத்தால் பக்கம் முழுக்கச் சாம்பல் பூசி வரும், டோனர் வீண், எழுத்தும் மங்கும். கறுப்பு வெள்ளையாக மாற்றி, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி அடிக்கச் சொல்லுங்கள். பழைய நூல்கள் சின்ன அளவு என்பதால் ஒரு ஏ4 தாளில் இரண்டு பக்கம் தாராளமாக அடங்கும். செலவும் பாதியாகும்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் அரசுத் தளம். 2001இல் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. சங்க இலக்கியத்திலிருந்து சிற்றிலக்கியம் வரை பல நூல்கள் உரையோடு இருக்கின்றன. பொருள் புரியாமல் திணறும் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் துண்டு துண்டாகத் திறக்கும். போனில் எழுத்து பொடியாகத் தெரியும். முழு நூலையும் அச்செடுக்க நினைத்தால் பாதி நாள் போய்விடும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படிக்க நல்லது.

நான்காவது தமிழ் விக்கிமூலம். இதைச் செய்யுளைவிட உரைநடைக்கே அதிகம் பயன்படுத்துகிறேன். நம் இராசவல்லிபுரத்துக்காரரான ரா.பி. சேதுப்பிள்ளையின் நூல் கேட்டு யார் வந்தாலும் இங்கேதான் அனுப்புகிறேன். அவர் 1961இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள் என்பது நம் நாட்டுக் காப்புரிமைக் கணக்கு. அதனால் அச்செடுத்துக் கொடுக்க எனக்கும் தயக்கம் இல்லை. டெலிகிராமில் சுற்றும் புதிய கைடுகளைக் கொண்டுவந்தால் அடித்துக் கொடுப்பதில்லை.

விக்கிமூலத்தில் எனக்குப் பிடித்தது நிறக் குறியீடு. ஒரு பக்கம் ஸ்கேன் படம், பக்கத்திலேயே எழுத்து வடிவம். எழுத்தை முதலில் இயந்திரம் படித்திருக்கும், பிறகு மனிதர்கள் திருத்துவார்கள். பக்கம் சிவப்பில் இருந்தால் இன்னும் யாரும் மெய்ப்புப் பார்க்கவில்லை என்று பொருள். மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்தாயிற்று. பச்சை என்றால் இரண்டாவது ஆளும் சரிபார்த்தாயிற்று. சிவப்பில் இருப்பதை நகலெடுத்து அசைன்மென்டில் ஒட்டாதீர்கள். ரகரமும் காலும் இடம் மாறிக் கிடக்கும். எது உறுதி, எது உறுதியில்லை என்று இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் தளத்தை நான் வேறு பார்த்ததில்லை.

அப்புறம், இக்கால எழுத்தாளர்கள் தாங்களே மனமுவந்து கொடுத்த நூல்கள் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸில் இருக்கின்றன. ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குல பிடிஎஃப் என்று தனித்தனியாக இருக்கும். அச்செடுக்க ஏ4ஐ இறக்குங்கள்.

ஒரே ஒரு தளம்தான் என்றால் மதுரைத் திட்டம் என்பேன். ஆனால் அதையும் ஸ்கேன் நூலையும் ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் வேலை அப்படித்தான் முடிந்தது. 48ஆம் பக்கத்தின் கடைசி வரியையும் 57இன் முதல் வரியையும் மதுரைத் திட்டத்தில் தேடினோம். இடையில் எந்தெந்தப் பாட்டு விடுபட்டது என்று தெரிந்தது. பிறகு ஆர்க்கைவில் கிடைத்த வேறொரு பதிப்பில் அந்தப் பாட்டுகள் இருந்த பக்கங்களைக் குறித்துக்கொண்டோம்.

பகிரும்போதும் இதே கவனம் வேண்டும். வாட்ஸப்பில் கைமாறிக் கைமாறி வரும் கோப்புக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. கோப்புக்குப் பதில் தளத்தின் முகவரியை அனுப்பினால் வாங்குபவர் நேராக மூலத்துக்கே போவார், முகப்புத் தாளையும் பார்ப்பார். சிக்னல் இல்லாத ஊர்க்காரருக்குக் கோப்பாகத்தான் அனுப்ப வேண்டும் என்றால் பதிப்பாளர், ஆண்டு, எடுத்த தளம் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். பத்து விநாடி வேலை.

விடுபட்ட பாட்டுகளை அடித்து, ஸ்பைரலைக் கழற்றி உள்ளே சேர்த்தேன். புதிய தாள்களில் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தது. "இது எந்தப் பதிப்புன்னு இந்த ஓரத்துலயே எழுதிரட்டா அண்ணாச்சி?" என்று கேட்டு, கல்லாவில் கிடந்த பேனாவை எடுத்துக்கொண்டது.