சித்தன்னவாசல் ஓவியத்தை வைத்து நான்கு வருடம் பாடம் நடத்தியதில்

சித்தன்னவாசல் தாமரைக் குள ஓவியத்தை நாலடிக்கு மூன்றடி ஃபிளெக்ஸில் அச்சிட்டு, நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆறாம் வகுப்புச் சுவரில் மாட்டினோம். லண்டன் நேஷனல் கேலரி 1995 முதல் தொடக்கப் பள்ளிகளுக்காக ஒரு திட்டம் நடத்துகிறது. வருடத்துக்கு ஒரே ஓவியம், அதை வைத்தே பல பாடங்களும். அதைப் பற்றிப் படித்தபோது வந்த ஆசை இது. நம் புதுக்கோட்டைப் பக்கத்திலேயே 9-ஆம் நூற்றாண்டு ஓவியம் இருக்கும்போது வேறு எதைத் தேடுவது?

முதல் வருடம் சரியாக வரவில்லை. ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து படத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம். மீனும் தாமரையும் அறிவியலுக்கு, பாண்டியர் சமூக அறிவியலுக்கு, எண்ணுவதெல்லாம் கணக்குக்கு. எத்தனை மீன், எத்தனை அன்னம் என்று எண்ண வைத்ததும் பிள்ளைகளுக்கு இரண்டே நாளில் படம் சலித்துவிட்டது. போதாததற்கு ஃபிளெக்ஸ் பளபளப்பில் ஜன்னல் வெளிச்சம் பட்டு, பின்வரிசைக்குப் பாதிப் படம் தெரியவே இல்லை.

அடுத்த வருடம் பளபளப்பில்லாத அச்சாக மாற்றினோம். அப்புறம், முதல் வாரம் பாடமே கிடையாது என்று வைத்துக்கொண்டோம். தினமும் பத்து நிமிடம் பார்க்க வேண்டும், தோன்றுவதைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் மாற்றியது இந்தப் பெட்டிதான்.

"இத்தனை வருசமா பெயிண்ட் எப்படி ஒட்டிக்கிட்டு இருக்கு மிஸ்?" என்று ஒரு சீட்டு. பாறைமேல் சுண்ணாம்புச் சாந்து பூசி அதன்மேல் வரைந்த ஓவியம் அது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்போல் மாறுமே, அதே வேதிவினைதான். அந்தச் சோதனையை எத்தனையோ வருடமாகச் செய்து காட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் வகுப்பே எழுந்து மேசையைச் சுற்றி நின்றது.

"இவ்வளவு பூவும் யாருக்கு?" என்ற சீட்டு சமூக அறிவியல் சாரிடம் போனது. சமணத்தின் சமவசரணத்தில், அதாவது தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் தெய்வீகச் சபையில், வரும் குளம் இது, அடியார்கள் பூப்பறிக்கிறார்கள் என்பது அறிஞர்கள் சொல்லும் விளக்கம். அங்கிருந்து கல்வெட்டுக்கு வந்தார். பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஓவியம் இருக்கும் குகைக் கோயிலின் அர்த்த மண்டபத்தை, அதாவது கருவறைக்கு முன்னால் இருக்கும் மண்டபத்தை, புதுப்பித்தவர் 'மதுரை ஆசிரியன்' இளங்கௌதமன். "அவரும் வாத்தியாரா?" என்று பிள்ளைகள் கேட்டதை சார் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தமிழுக்குத் தாமரையின் பெயர்களே போதும்: பங்கயம் சேற்றில் பிறந்தது, அம்புயம் நீரில் பிறந்தது. ஆங்கிலத்தில் இடத்தைக் குறிக்கும் சொற்கள் வரை நன்றாகப் போகிறது. கணக்குக்குத்தான் ரொம்ப நாள் இடமில்லை. படத்தில் கட்டம் போட்டு, விகிதம் மாறாமல் முற்றத்தில் கோலப்பொடியால் பெரிதாக வரைந்தபோதுதான் அதுவும் பொருந்தியது. எல்லாப் பாடத்தையும் ஒரே படத்துக்குள் வலிந்து திணிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பொருந்தாத வாரத்தில் விட்டுவிடலாம்.

மூன்றாம் வருடம் நேரில் கூட்டிப் போனோம். மங்கிய வெளிச்சம், அங்கங்கே உதிர்ந்த சாந்து. முகங்கள் வாடின. ஒரு பெண் எருமையைக் கண்டுபிடித்துக் கத்தியதும் எல்லோரும் அண்ணாந்து தேட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இது கூரை ஓவியம். யானை, மீன், ஆள் எல்லாம் குளத்தில் சிதறி இருக்க, நாங்கள் சுவரில் மாட்டி ஒரு பக்கத்தை மேல் என்று முடிவு செய்திருக்கிறோம்.

இப்போது ஜூன் மாதம் முதல் நாள் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிடுகிறோம். அச்சு கூரையில் இருக்கிறது, மின்விசிறிக்குக் கொஞ்சம் தள்ளி. பிள்ளைகள் பாயில் மல்லாந்து படுத்துப் பார்க்கிறார்கள். சீட்டுப் பெட்டி வாசல் பக்கம்.