மேல்மாடி வகுப்புகளுக்கு வெள்ளை பெயின்ட்டா, கூலிங் டைல்ஸா?

2023-இல் ஜூன் 1-ஆம் தேதி திறக்க வேண்டிய பள்ளிகளை வெயில் காரணமாக முதலில் 7-க்கும், பிறகு ஆறாம் வகுப்பு முதல் 12-க்கும் தள்ளினார்கள். ஆனால் வேலூர் வெயிலுக்கு ஜூன் 12-ம் ஒன்றுதான், ஜூன் 1-ம் ஒன்றுதான். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழு மொட்டை மாடியில் கை வைக்க முடிவு செய்தபோது கையில் இருந்தவை இரண்டு வழிகள்: வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்ட், இல்லை வெள்ளை கூலிங் டைல்ஸ். நாங்கள் டைல்ஸ் போட்டோம். நான் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

ஏசி பேச்சும் வந்தது. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அவர்களின் உடல் சூடே ஏறக்குறைய ஒரு டன் ஏசிக்கு வேலை வைக்கும். ஜன்னலையும் சாத்த வேண்டும். அப்புறம் மூச்சுக்காற்று தேங்கி வகுப்பே தூங்கி வழியும். மின் கட்டணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வேலை செய்யும் விதத்தில் பெயின்ட்டுக்கும் டைல்ஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து அங்குலக் கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, சில மணி நேரம் கழித்துக் கீழே கக்குகிறது. அதனால்தான் கடைசி பீரியடில் ஃபேன் போட்டாலும் அனல் காற்று இறங்குகிறது. மேலே வெள்ளையாக இருந்தால் வெயிலில் பெரும்பகுதி உள்ளே இறங்காமலே திரும்பிவிடும். அறைக் காற்றில் இரண்டு மூன்று டிகிரிதான் குறையும். ஆனால் கூரையிலிருந்து தலையில் இறங்கும் சூடு தணிவது நன்றாகவே தெரியும்.

விலையில் பெயின்ட்தான் ஜெயிக்கும். எங்களுக்கு வந்த கொட்டேஷன்களில் டைல்ஸ் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட அதற்கு ஆகவில்லை. இரண்டு நாளில் வேலையும் முடிந்துவிடும்.

அப்படியிருந்தும் டைல்ஸ் பக்கம் போனதற்குக் காரணம் பராமரிப்பு. வெள்ளை, வெள்ளையாக இருக்கும் வரைதான் பலன். பள்ளி மாடியில் புழுதி படியும், புங்கை இலை உதிர்ந்து மக்கும், புறா எச்சம் விழும். தண்ணீர்த் தொட்டி வழியும் இடத்தில் பாசி பிடித்துக் கருப்புக் கோடு ஓடும். பக்கத்தில் பெயின்ட் அடித்த ஒரு கட்டடத்தின் மாடியைப் போய்ப் பார்த்தோம். ஈரத் துணியால் துடைத்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது, சுற்றிலும் சாம்பல் நிறம். தேய்த்துக் கழுவலாம்தான், ஆனால் பிரஷ் போட்டு அழுத்தினால் பெயின்ட்டும் கூடவே வருகிறது. வாட்டம் சரியில்லாமல் மழைத்தண்ணீர் தேங்கிய மூலையில் அது அப்பளம் போல உப்பி உரிந்து கிடந்தது.

சரி, மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடித்தால் போயிற்று என்பார்கள். வீட்டுக்கு அது சரி. பள்ளிக்குப் பணம் வருவது அப்படியில்லை. அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ மாதிரித் திட்டம் வழியாகவோ, முன்னாள் மாணவர் ஒருவர் மூலமாகவோ ஒருமுறை வரும். புது வேலை என்றால் கொடுக்க ஆள் உண்டு. பழைய பெயின்ட்டுக்கு மேல் பெயின்ட் அடிக்க எந்தப் புண்ணியவானும் வரமாட்டார். அடுத்த தலைமையாசிரியருக்கு அது நினைவில் இருக்குமா என்பது வேறு கதை. டைல்ஸை மார்ச் பிறக்குமுன் ஓஸ் பிடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, துடைப்பத்தால் தேய்த்தால் போதும். கலவைத் தளத்தின் மேல் ஒட்டுவதால் வாட்டத்தையும் அப்போதே கொத்தனார் சரிசெய்துவிடுகிறார்.

குறையும் உண்டு. கலவையோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு நூறு கிலோ வரை பாரம் ஏறலாம். சீலிங்கில் துருக்கம்பி தெரிகிற பழைய கட்டடத்தில், பொறியாளர் பார்க்காமல் இதைச் செய்யவே கூடாது. எங்கள் டைல்ஸ் பார்த்தது இரண்டு கோடையும் இரண்டு ஐப்பசி மழையும்தான். இடுக்குப் பூச்சு பத்து வருஷம் தாங்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. எதற்கும் இரண்டு பெட்டி டைல்ஸ் உபரியாக வாங்கி வையுங்கள். உடைந்தால் அதே அளவு பிறகு கிடைப்பதில்லை.

சத்துணவுக் கூடத்தின் தகரக் கூரைக்கு மட்டும் பெயின்ட்தான் அடித்தோம். அங்கே டைல்ஸுக்கு வழியே இல்லை.