நயினாதீவா, நெடுந்தீவா? ஆறுதலாக ஒரு தீவுப் பயணத்துக்கு எந்தப் படகு?

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவே போட்ட தெருவில் போய்க்கொண்டே இருந்தால், தெரு முடிகிற இடம் குறிகட்டுவான். அதற்கு அப்பால் படகுதான். நயினாதீவுக்கு ஏறுவதா, நெடுந்தீவுக்கு ஏறுவதா என்பதை அங்கே போய் நின்று யோசிக்காமல் வீட்டிலேயே முடிவெடுத்துவிடுவது நல்லது.

ஏனென்றால் முடிவெடுக்காமல் போகிறவர்கள் இரண்டுக்கும் ஏறிவிடுகிறார்கள். காலையில் ஒன்று, பின்னேரம் மற்றது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிற எங்கள் சொந்தக்காரர் கேட்கும்போதெல்லாம் நான் மறித்துச் சொல்வது இதைத்தான்: ஒரே நாளில் இரண்டு தீவு வேண்டாம். நயினாதீவு ஏறத்தாழ 4 சதுர கிலோமீற்றர். நெடுந்தீவு ஏறத்தாழ 50. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

முதலில் கடல். நயினாதீவுக்கு கால் மணி, இருபது நிமிடம். பிள்ளைகள் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கத் தொடங்கும்போது கோபுரம் தெரிந்துவிடும். படகுகளும் நாள் முழுக்க ஓடுகின்றன, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும். நெடுந்தீவுக்குப் போக ஒரு மணித்தியாலம் வேண்டும். ஒரு நாளைக்கு ஓடும் படகுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். சாக்கு மூட்டை, காஸ் சிலிண்டர், சில வேளை மோட்டார் சைக்கிள் எல்லாம் கூடவே வரும். கீழ்த்தட்டில் இயந்திரச் சூடும் டீசல் மணமும் இருக்கும், வயிறு குமட்டுகிறவர்கள் காற்றுப்படுகிற இடமாகப் பார்த்து இருக்க வேண்டும். அந்தப் படகு அங்கே படிப்பிக்கப் போகிற ஆசிரியருக்கும் மருந்தெடுக்க வந்து திரும்புகிற ஆச்சிக்கும் ஊர் பஸ் மாதிரி. சுற்றிப் பார்க்கப் போகிற நாங்கள் அவர்களுக்கு இடம் விட்டுத்தான் ஏற வேண்டும்.

நயினாதீவில் அலைச்சல் இல்லை. துறையில் இறங்கினால் எதிரே நாகபூசணி அம்மன் கோயில். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். மத்தியானம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம். கோயிலிலிருந்து கொஞ்ச நேரம் நடந்தால் நாகவிகாரை. புத்தர் இலங்கைக்கு இரண்டாம் முறை வந்தபோது, மணியாசனத்துக்காகச் சண்டையிட்ட இரண்டு நாக அரசர்களைச் சமாதானப்படுத்திய இடம் இதுதான் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. பழைய எழுத்தில் ஆசை உள்ளவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இந்தத் தீவில்தான் இருக்கிறது. யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மற்றச் சரக்கென்றால் சரிபாதி என்று அதில் வெட்டியிருக்கிறது. சிங்கள அரசனொருவன் கடல் வாணிபத்துக்கான சட்டத்தைத் தமிழில் எழுதி வைத்த தீவு என்பதை நினைக்கும்போது, வெறுமனே கும்பிட்டுவிட்டுத் திரும்ப எனக்கு மனம் வருவதில்லை.

குறை என்னவென்றால் சனம். ஆனி மாதத் திருவிழாவிலும் போயா எனப்படும் பௌர்ணமி நாட்களிலும் வரிசை நீளும். கும்பிடப் போகிறவர்களுக்கு அந்தச் சனமும் ஒரு நிறைவுதான். அமைதி தேடிப் போகிறவர்கள் சாதாரண வார நாளொன்றைப் பாருங்கள்.

நெடுந்தீவில் எல்லாமே தூரம் தூரமாக இருக்கிறது. ஓட்டோ பிடிக்கலாம், லான்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறிக் குலுங்கிக் குலுங்கிப் போகலாம். சைக்கிள் கிடைத்தால் அதுதான் என் விருப்பம், ஏனென்றால் அந்தத் தீவின் அழகு பார்க்கும் இடங்களுக்கு இடையில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வீடு, காணிக்குக் காணி முருகைக்கல் வேலி. சாந்தோ சீமெந்தோ இல்லை, கல்லின் மேல் கல் பொருந்தி நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் கடலுக்குள் உயிரோடு இருந்த காலத்தின் கோலம் தெரியும். சிலது தேன்வதை மாதிரி, சிலது மூளை மடிப்பு மாதிரி. விரலால் தடவிப் பாருங்கள், ஆனால் ஒரு கல்லையும் கழற்றாதீர்கள். ஒன்று போனால் பக்கத்தில் இருப்பதும் சரியும்.

அப்புறம் பெருக்கு மரம். ஆபிரிக்காவின் மரம். சாம்பல் நிறத்தில் யானைத்தோல் போன்ற அடிமரம், அதில் ஆள் உள்ளே போய் நிற்கக்கூடிய பொந்து. வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளிர்ச்சி. ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை இடிபாடும் புறாக்கூடும் துறைப் பக்கம், பார்த்துவிட்டு நகரலாம். குதிரைகளுக்குத்தான் நேரம் வைக்க வேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றைக்கும் கட்டாக்காலிகளாகப் புல்வெளியில் திரிகின்றன. வெயில் தாழ்ந்த பிறகு கூட்டமாக வரும். பகலில் அவசரப்பட்டுப் போகிறவர்களுக்குத் தூரத்தில் நாலு புள்ளிகள்தான் தெரியும்.

பிரச்சினை அங்கேதான். குதிரை வருகிற நேரத்தில் கடைசிப் படகு போயிருக்கும். ஒரு முறை நாங்கள் பெருக்கு மரத்தடியில் நேரம் போவது தெரியாமல் நின்றபோது ஓட்டோக்காரர், "அக்கா, படகு போனா நாளைக்குக் காலமைதான், வெளிக்கிடுங்கோ" என்று அவசரப்படுத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று குதிரையைக் காணாமலே திரும்பினோம். அடுத்த முறை இரவு தங்கினோம், அதுதான் நெடுந்தீவு. ஆகவே பகலில் போய்ப் பகலில் திரும்புவதென்றால் என் வாக்கு நயினாதீவுக்கு. இரவு தங்க முடியுமென்றால் யோசிக்காமல் நெடுந்தீவு. தங்குமிடங்கள் குறைவு, முன்கூட்டியே பேசி வையுங்கள். குடிதண்ணீரும் கையில் காசும் இங்கிருந்தே கொண்டு போங்கள். பனையைத் தவிர நிழல் அதிகமில்லை, தொப்பியும் வேண்டும்.

துறையில் இறங்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். 1985 மே 15ஆம் தேதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் 20க்கும் மேற்பட்ட பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நாங்கள் விடுமுறைக்குக் கடக்கிற அதே கடல்.

காலத்தையும் பார்க்க வேண்டும். வைகாசி தொடக்கம் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் நெடுந்தீவுக் கடல் நன்றாக ஆட்டும், படகு நிற்கிற நாட்களும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் மழை. தை கடைசியிலிருந்து சித்திரை வரை கடல் தணிந்திருக்கும், மழைநீர் தேங்கிய இடங்களில் குதிரைகளும் தெம்பாக நிற்கும். சோளகத்தில்தான் விடுமுறை என்றால் நயினாதீவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கடல் குறுகல்.

சின்னக் குழந்தையோடு, அல்லது அலை என்றாலே பயப்படும் பெரியவர்களோடு போகிறவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி: காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகிற 'பாதை' என்கிற மிதவை. வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு சில நிமிடங்களில் கடந்துவிடும். காரைநகர்ப் பக்கம் இருக்கும் கசூரினாக் கடற்கரையில் பிள்ளைகளை ஆழமில்லாத தண்ணீரில் விளையாட விட்டுவிட்டு, பின்னேரம் பாதையில் ஏறினால், கடலுக்கு நடுவே நிற்கும் கோட்டையைப் பார்த்தபடி வரலாம்.

எந்தத் துறையில் ஏறினாலும் இறங்கியவுடன் முதலில் கேட்க வேண்டியது, திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதுதான். பழைய நேர அட்டவணையை நம்ப வேண்டாம், காற்றைப் பொறுத்து அது மாறும். படகில் வேலை செய்கிறவரிடமே கேளுங்கள்.