கிரிப்பிள் மிஸ்டர் ஆனியன்: நான்கு வருடம் ஆடிய பிறகு

பெரிய ஆமை ஒன்று. அதன் முதுகில் நான்கு யானைகள், யானைகளுக்கு மேலே தட்டையான ஓர் உலகம். ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட் படைத்த அந்த டிஸ்க்வேர்ல்டில் சூனியக்காரிகளும், படகில் ஏறிக் காசு பறிக்கும் சூதாடிகளும் ஆடுகிற சீட்டாட்டம்தான் இது. கதைகளில் ஆட்டத்தின் பெயரும் ஆங்காங்கே சில குறிப்புகளும்தான் வரும். அவற்றை வைத்து நிஜமாகவே ஆடக்கூடிய விதிகளை எழுதியவர்கள் ஆண்ட்ரூ மில்லார்ட், டெரன்ஸ் டாவ் என்ற இரண்டு வாசகர்கள். 2006இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய கணிதமேதை டாவ்தான் அவர். நாங்கள் ஆடுவதும் அந்த விதிகளின்படிதான்.

எட்டுச் சின்னங்கள் வேண்டும். சாதாரணக் கட்டில் இருப்பதோ நான்கு. அதனால் ரம்மிக்கு எடுப்பதுபோல இரண்டு கட்டு எடுத்து, இரண்டாவது கட்டில் ஒவ்வொரு சீட்டின் முகப்பிலும் இரண்டு மூலைகளில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தேன். பச்சைப் புள்ளி வைத்த ஆர்ட்டின் தனிச் சின்னம். முதலில் ஒரு மூலையில் மட்டும்தான் வைத்திருந்தேன். சீட்டை விசிறிபோலப் பிடித்தால் பாதிப் புள்ளிகள் மறைந்துவிட்டன.

முதலில் ஐந்து சீட்டு. அதில் நான்கு வரை மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் இன்னும் ஐந்து. கையில் இருக்கும் பத்தையும் 21 வரும்படி கூட்டு கூட்டாகப் பிரிக்க வேண்டும். படச்சீட்டுக்குப் பத்து, ஏஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று. ஒரு ராஜாவும் ஒரு ஏஸும் சேர்ந்தாலே 21 வந்துவிடும். ஆனால் ஏழு சின்னச் சீட்டுகளைச் சேர்த்து 21 காட்டினால் அது அதைவிட மேல். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இரண்டு, மூன்று என்று வந்தாலே முகம் சுளிக்கிற பழக்கம் ஒரே மாதத்தில் போய்விட்டது.

மூன்று படமும் மூன்று ஏஸும் சேர்ந்த ட்ரிபிள் ஆனியனை ஒரே ஒருமுறை பார்த்தேன். அது அக்காவின் கை. அவள் ஒன்றும் பேசாமல் ஆறு சீட்டையும் ஒவ்வொன்றாகத் தரையில் அடுக்கினாள். ஐந்து படமும் ஐந்து ஏஸும் சேர்வது கிரேட் ஆனியன். ஒரே சின்னத்தில் வரிசையாக ஒன்பது சீட்டு வைத்திருப்பவர் மட்டுமே அதைச் சாய்க்க முடியும், ‘மிஸ்டர் ஆனியனை முடமாக்கு’ என்ற ஆட்டத்தின் பெயருக்கே அர்த்தம் அதுதான். இரண்டையும் இதுவரை நாங்கள் கண்டதில்லை.

குறை என்றால் வேகம். புதிதாக வருகிறவர் எந்தக் கூட்டு எதைவிடப் பெரியது என்று மனதில் ஏற்றவே மூன்று, நான்கு மாலைகள் ஆகும். பட்டியலை ஒரு தாளில் எழுதி நடுவில் வைத்துவிடுங்கள், நாங்களும் முதல் வருடம் முழுக்க அப்படித்தான் ஆடினோம். இரண்டு பேராக ஆடினால் சப்பென்று இருக்கிறது. நான்கு பேர்தான் சரியான கணக்கு. 104 சீட்டை ஒன்றாகக் கலைப்பது கைக்குள் அடங்காது என்பதால், தரையில் பரப்பிப் பிசைந்துதான் சேர்க்கிறோம்.

முதலில் வாங்கிய கட்டுகள் ஓரம் பிய்ந்துபோய், போன தீபாவளிக்குப் புதுசு வாங்கினோம். புள்ளி வைக்கிற வேலையை இந்தமுறை அக்கா மகள் எடுத்துக்கொண்டாள். அவள் வைத்தது புள்ளி இல்லை, குட்டிக் குட்டி ஆமைகள்.